இரண்டு காடுகள்: அச்சமும் மருட்கையும் தந்த ஒரு கலைப் பாடம்

கொங்கு வட்டாரத்தில் ஒருவர் ‘காட்டுக்குப் போறேன்’ என்றால், அவர் மலைக்குப் போகிறார் என்று பொருளில்லை, விளைநிலத்துக்குப் போகிறார். சோளம் விதைத்த நிலமும் காடுதான், யானை வாழும் மலையும் காடுதான். கோவை மாவட்டத்தின் மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது எங்கள் பள்ளி. எங்கள் பிள்ளைகள் பலருக்கு இந்த இரண்டு காடுகளுக்கும் இடையே அதிகத் தூரம் கிடையாது. நான் அங்கே ஓவிய ஆசிரியை. ஒரு பழைய சாமான் அறையில் நானும் எட்டாம் வகுப்பு மாணவர்களும் செய்த கலைப் பணியைப் பற்றி எழுதுகிறேன். நான் செய்த தவற்றிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பேய் வீடு

பள்ளி விழாவுக்கு ஒரு மாதம் இருந்தது. “என்ன செய்யலாம்?” என்று கேட்டேன். “பேய் வீடு செய்யலாங்க டீச்சர்!” என்று வகுப்பே ஒரே குரலில் சொன்னது. கோவை பொருட்காட்சிகளில் அவர்கள் பார்த்திருந்த பேய் வீடு அது. இருட்டான பாதை, தொங்கும் எலும்புக்கூடு, திடீரென்று அலறும் குரல்.

மாணவர்களின் ஆர்வத்தைப் பார்த்து நானும் ஒப்புக்கொண்டேன். சாமான் அறையின் ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடினோம். ஒரு மாணவன், “பேய விட யானைக்குத்தானுங்க எல்லாரும் பயப்படுவாங்க” என்றான். நல்ல யோசனையாகத்தான் பட்டது. கைப்பேசியிலிருந்து யானையின் பிளிறலைப் பெரிய ஒலிபெருக்கியில் போட ஏற்பாடு செய்தோம். ஒத்திகைக்கு ஆறாம் வகுப்பிலிருந்து பத்துப் பேரை உள்ளே அனுப்பினோம்.

பிளிறல் கேட்டதும் ஒன்பது பேர் கத்திச் சிரித்தார்கள். ஒரு சிறுமி மட்டும் ஓடினாள். இருட்டில் கதவு தெரியாமல் சுவரில் மோதி விழுந்தாள். முழங்காலில் சிராய்ப்பு. தூக்கி வெளியே கொண்டுவந்த பிறகும் அவள் உடல் நடுங்குவது நிற்கவில்லை.

அவள் தாத்தாவை இரண்டு வருடங்களுக்கு முன் சோளக்காட்டில் யானை தள்ளிவிட்டதும், இடுப்பெலும்பு முறிந்த அவர் இன்றும் தடியூன்றித்தான் நடக்கிறார் என்பதும் அன்று மாலைதான் எனக்குத் தெரிந்தது. மறுநாள் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். தரையைப் பார்த்தபடி அவள் சொன்னது: “அது வெளையாட்டு இல்லீங்க டீச்சர்.”

பேய் வீட்டைக் கலைத்துவிட்டோம். ஆனால் ஒரு கேள்வி என்னை விடவில்லை. அச்சம் தரும் கலை எதையும் பிள்ளைகளிடம் கொண்டுபோகவே கூடாதா? அல்லது நான் கொடுத்த அச்சம்தான் தவறான அச்சமா?

நான் நின்று பார்த்த மூன்று இடங்கள்

எனக்கே அச்சமும் வியப்பும் ஒன்றாக வந்த இடங்களை நினைத்துப் பார்த்தேன்.

முதலாவது, கோவைக்கு அருகில் உள்ள பேரூர் பட்டீசுவரர் கோயில். அங்குள்ள கனகசபை மண்டபம் 17ஆம் நூற்றாண்டில், மதுரை நாயக்கர் காலத்தில் கட்டப்பட்டது. அதன் தூண்களில் யானையின் தோலை உரித்துப் போர்த்தும் சிவன், அகோர வீரபத்திரர், காளி என்று பெரிய சிற்பங்கள் இருக்கின்றன. வெயிலிலிருந்து உள்ளே வரும்போது கண்ணுக்கு முதலில் எதுவும் பிடிபடாது. இருட்டு பழகப் பழக, ஒரு கை, ஓர் ஆயுதம், ஒரு கோரைப்பல் என்று உருவங்கள் ஒவ்வொன்றாக வெளிப்படும். சிற்பம் நம்மைத் துரத்துவதில்லை. நாம்தான் அதை நோக்கி நடக்கிறோம்.

இரண்டாவது, கொச்சி. கோவையிலிருந்து ரயிலில் ஏறினால் சில மணி நேரத்தில் எர்ணாகுளம். 2014 டிசம்பரில் தொடங்கிய கொச்சி-முசிறி பினாலேயில், கடலோரத்தில் உள்ள ஆஸ்பின்வால் ஹவுஸ் என்ற பழைய வணிகக் கட்டடத்தில், மும்பையில் பிறந்த சிற்பி அனிஷ் கபூரின் ‘டிசென்ஷன்’ இருந்தது. தரையில் வட்டமான ஒரு குழி. அதற்குள் கருநிற நீர் இடைவிடாமல் சுழன்று நடுவில் குழிந்து இறங்கியது. எங்கே போகிறது என்று தெரியாது. விளிம்பில் நின்றபோது கால் தானாகப் பின்வாங்கியது. கண் மட்டும் விலகவில்லை. 2017-இல் நியூயார்க்கின் புரூக்ளின் பாலப் பூங்காவில் இதே படைப்பை 26 அடி விட்டத்தில் அமைத்தபோது சுற்றிலும் கம்பித் தடுப்பு வைத்தார்கள். தடுப்பு இருந்ததால் அச்சம் போய்விடவில்லை. தைரியமாக நெருங்கிப் பார்க்க முடிந்தது.

மூன்றாவதும் அதே ஆஸ்பின்வால் ஹவுஸில்தான், அடுத்த பினாலேயில். சிலி நாட்டுக் கவிஞர் ராவுல் சூரிதா ஒரு நீண்ட கூடத்தைக் கடல்நீரால் நிரப்பியிருந்தார். படைப்பின் பெயர் ‘வலியின் கடல்’. செருப்பைக் கழற்றிவிட்டு நீரில் இறங்கி நடக்க வேண்டும். 2015-இல் துருக்கிக் கடலோரத்தில் ஒதுங்கிய சிரியக் குழந்தை ஆலன் குர்தியின் படத்தை உலகமே பார்த்தது. அதே படகில் மூழ்கிய அவன் அண்ணன் காலிப்பை யாரும் பார்க்கவில்லை. அந்தச் சிறுவனுக்கான படைப்பு அது. சுவரில் வாசகங்கள், காலடியில் நீர், அவ்வளவுதான். அலறல் இல்லை, திடுக்கிட வைக்கும் எதுவும் இல்லை. வெளியே வந்து வெகுநேரம் வரை என்னால் யாரிடமும் பேச முடியவில்லை.

இப்படிப் பார்வையாளர் உள்ளே நுழைந்து, நடந்து, உடலால் உணரும்படி ஓர் இடத்தையே படைப்பாக ஆக்குவதைத்தான் நிறுவல் கலை என்கிறோம். இந்த மூன்றுக்கும் என் பேய் வீட்டுக்கும் உள்ள வேறுபாடு எனக்கு மெல்லப் புரிந்தது. பேய் வீட்டில் அச்சம் நம் மேல் பாய்கிறது. இங்கே நாம் அச்சத்தை நோக்கிச் செல்கிறோம். எங்கே நிற்பது, எப்போது திரும்புவது என்பது நம் கையில் இருக்கிறது.

தொல்காப்பியம் சொல்லும் வழி

இதை வகுப்பில் பேசுவதற்குச் சொற்கள் வேண்டியிருந்தன. எங்கள் தமிழாசிரியர் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலை நினைவூட்டினார். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு மெய்ப்பாடுகள். ஒவ்வொன்றும் எவற்றால் பிறக்கும் என்பதையும் தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. அச்சம் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை ஆகிய நான்கினால் பிறக்கும். மருட்கை, அதாவது திகைத்து நிற்கும் வியப்பு, புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் ஆகிய நான்கினால் பிறக்கும்.

மேலைநாட்டில் ‘சப்ளைம்’ என்றொரு கருத்து உண்டு. எட்மண்ட் பர்க் 1757-இல் வெளியிட்ட நூலில் அதை விரிவாக ஆராய்ந்தார். ஆபத்து நம்மை நெருக்கினால் அது வெறும் வேதனை. சற்று விலகி நிற்கும்போதுதான் அதுவே மனத்தை நிறைக்கும் பேருணர்வாகிறது என்பது அவர் கருத்து. அளவில் பெரியது, தெளிவாகத் தெரியாதது, ஒரே மாதிரி முடிவின்றித் தொடர்வது ஆகியவை அந்த உணர்வை எழுப்பும் என்றார்.

கரும்பலகையில் அச்சத்தின் நான்கையும் மருட்கையின் நான்கையும் எதிரெதிரே எழுதினேன். “நம்ம பேய் வீட்டுல எது இருந்தது?” என்று கேட்டேன். “விலங்குங்க டீச்சர்.” “இந்தப் பக்கத்துல எது இருந்தது?” சிறிது நேரம் யோசித்துவிட்டு ஒரு மாணவி, “ஒண்ணுமே இல்லீங்க” என்றாள். பாடம் அங்கேதான் தொடங்கியது. அச்சத்தை எழுப்பிவிட்டு, மருட்கைக்கு வழி காட்டாமல் விட்டிருந்தோம்.

‘காடு’ உருவான விதம்

அதே அறையில் மறுபடி தொடங்க முடிவு செய்தோம். தலைப்பை மாணவர்களே வைத்தார்கள்: ‘காடு’. இரவில் ஒரு சோளக்காட்டின் வழியே நடந்து, யானை வந்துபோன இடத்தைச் சென்றடைவது. யானை மட்டும் வராது. உருவமும் கிடையாது, பிளிறலும் கிடையாது.

தொடங்கும் முன் அந்த ஆறாம் வகுப்புச் சிறுமியிடமும் அவள் வீட்டாரிடமும் பேசினேன். அவள் வேண்டாம் என்றிருந்தால் தலைப்பை மாற்றியிருப்போம். இரண்டு நாள் கழித்து அவளே வந்து கேட்டாள்: “உள்ள போறவங்க கையில டார்ச் குடுப்பீங்களா டீச்சர்? எங்க அப்பாரு டார்ச் இல்லாம காட்டுக்குப் போகமாட்டாருங்க.” எங்கள் திட்டத்தில் டார்ச் இல்லை. உடனே சேர்த்தோம். அந்த ஒரு விளக்கு பின்னால் எல்லாவற்றையும் மாற்றிவிட்டது.

அறை 20 அடி நீளம், 16 அடி அகலம். காய்ந்த சோளத்தட்டுகளைக் கட்டுக் கட்டாக நிறுத்தி, நடுவே மூன்று அடி அகலத்தில் வளைந்து செல்லும் பாதை அமைத்தோம். ஒரே மாதிரியான தட்டுகள் வரிசையாக நிற்க, டார்ச் வெளிச்சம் படாத இடத்தில் அவை முடிவே இல்லாதவைபோலத் தெரிந்தன. இரண்டு வளைவுகளைப் போட்டதால் சிறிய அறையும் பெரிதாகிவிட்டது. பாதி தூரத்தில் தட்டுகள் ஒடிந்து, மிதிபட்டுக் கிடக்கும். அங்கே நடப்பவர் தானாகவே நின்றுவிடுவார்.

ஒலிக்கு மாணவர்கள் பல வழிகளைத் தேடினார்கள். அறிவியல் ஆசிரியர் ஒரு செய்தி சொன்னார். 1984-இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து உயிரியல் பூங்காவில், ஆசிய யானைகளின் அருகே நின்ற ஆய்வாளர் கேட்டி பெய்ன், காதில் எதுவும் கேட்காதபோதும் காற்றில் ஓர் அதிர்வை உணர்ந்தார். யானைகள் 20 ஹெர்ட்சுக்கும் குறைவான, மனிதக் காது கேட்க முடியாத ஒலியிலும் பேசிக்கொள்கின்றன என்பது அதன் பிறகுதான் தெரியவந்தது. “கேக்காத சத்தத்தை எப்படிங்க கேக்க வெக்கிறது?” என்றான் ஒருவன். விடையையும் மாணவர்களே கண்டுபிடித்தார்கள். ஒரு மாணவனின் மாமா உருமி வாசிப்பவர். வளைந்த குச்சியால் உருமியின் தோலை மெல்லத் தேய்த்தால் அடிவயிற்றில் உணரும் ஓர் உறுமல் வரும். உருமியை மரப்பலகையின் மேல் வைத்துத் தேய்த்து, அதே பலகையில் நடப்பவரைச் சிறிது நேரம் உட்காரச் சொன்னோம். காதில் கேட்பதற்கு முன் பலகையில் அதிர்வு தெரியும்.

கடைசி வளைவைக் கடந்தால் சிறிய ஜன்னல் வெளிச்சம். தரையில் மண் பரப்பி, அதில் ஒரு யானைக் காலடி. பக்கத்தில் கூரையிலிருந்து தொங்கும் கயிறு. அதில் ஒரு சிவப்பு முடிச்சு. யானையின் முன்கால் தடத்தின் சுற்றளவை இரண்டால் பெருக்கினால் ஏறக்குறைய அதன் தோள் உயரம் வரும் என்று வனப்பணியாளர் ஒருவர் மாணவர்களுக்குச் சொல்லித் தந்திருந்தார். நாங்கள் மண்ணில் அமைத்த தடத்தின் சுற்றளவு 135 சென்டிமீட்டர். ஆகவே முடிச்சு 270 சென்டிமீட்டர் உயரத்தில், சுமார் ஒன்பது அடியில் இருந்தது. பார்வையாளர் நூலால் தடத்தை அளந்து, கணக்குப் போட்டு, தலையை நிமிர்த்தி முடிச்சைப் பார்ப்பார். மருட்கைக்குச் சொல்லப்பட்ட ‘பெருமை’ அந்த இடத்தில் வேலை செய்தது. யாரும் கத்தவில்லை. எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

நாங்கள் வைத்துக்கொண்ட விதிகள்

இந்த வகைப் படைப்பை நீங்களும் செய்ய விரும்பினால், எங்கள் விதிகள் உதவக்கூடும்.

1. உள்ளே என்ன இருக்கிறது என்பதை வாசலிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால் சுவை குறையும் என்று முதலில் நினைத்தோம்; குறையவில்லை.
2. உள்ளே போவதும் போகாமலிருப்பதும் பிள்ளையின் விருப்பம். ‘பயந்தாங்கொள்ளி’ என்ற சொல்லை யாரும் சொல்லக்கூடாது.
3. விளக்கு நடப்பவர் கையில் இருக்க வேண்டும். இரண்டு வழிகள் வேண்டும். இரண்டும் எப்போதும் திறந்திருக்க வேண்டும்.
4. திடீர் ஒலி, பாய்ந்து வரும் ஆள், உடலைத் தொடுதல், மின்னி மின்னி எரியும் விளக்கு ஆகிய எதுவும் கூடாது. வலிப்பு நோய் உள்ள குழந்தைகளுக்கு மின்னும் விளக்கு ஆபத்தானது.
5. ஒரு நேரத்தில் இருவர் மட்டும். ஒரு மாணவத் தொண்டர் பின்னால் வர வேண்டும்.
6. காய்ந்த தட்டு எளிதில் தீப்பிடிக்கும். அகல் விளக்கோ மெழுகுவத்தியோ கூடாது, மின்கம்பி உள்ளே செல்லக் கூடாது. தண்ணீர் வாளியும் மணலும் வாசலில் இருக்க வேண்டும். தட்டின் தூசு ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. முதல் நாளே உதறிக் காய வைக்க வேண்டும்.
7. வெளியே வந்ததும் உட்கார்ந்து பேச ஓர் இடமும் பத்து நிமிடமும் வேண்டும். இந்தப் பத்து நிமிடம் இல்லையென்றால் படைப்பு பாதிதான்.

செலவு அதிகமில்லை. சோளத்தட்டு பெற்றோர் தந்தது. துணி பழைய மேடைத் திரை. டார்ச்சுகள் மாணவர் வீடுகளிலிருந்து வந்தவை.

பாடங்களோடு இணைப்பு

தமிழில் மெய்ப்பாடுகளைப் படித்த மாணவர்கள், தாங்கள் அஞ்சிய ஓர் இடத்தைப் பற்றி எழுதினார்கள். கணக்கில் சுற்றளவும் விகிதமும். அறிவியலில் அதிர்வெண். சமூக அறிவியலில் யானைகளின் வழித்தடமும் மனிதரின் நிலப்பயன்பாடும். மதுக்கரை பகுதியில் ரயில் பாதையைக் கடக்கும் யானைகளைக் கண்டறிய 2024-இல் தொடங்கிய செயற்கை நுண்ணறிவுக் கேமரா அமைப்பைப் பற்றி மாணவர்கள் செய்தித்தாள்களிலிருந்து திரட்டி ஒட்டினார்கள்.

யானை உங்கள் ஊர்ப் பொருளாக இல்லாமல் இருக்கலாம். வெள்ளம் வந்த ஊரில் நீர்மட்டம் தொட்ட கோடு, கிணறுகள் வற்றிய ஊரில் ஆழம், கடலோர ஊரில் அலையின் உயரம் என்று ஒவ்வொரு ஊருக்கும் ஓர் அச்சம் உண்டு. அதைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒன்றைக் கேளுங்கள்: இந்த வகுப்பில் யாருக்கு இது கதையல்ல, வீட்டில் நடந்தது? அந்தக் கேள்வியைக் கேட்காமல் தொடங்கியதுதான் நான் செய்த தவறு.

வாசலில் நின்றவள்

விழாவன்று பலரும் ‘காடு’ வழியே நடந்தார்கள். அந்த ஆறாம் வகுப்புச் சிறுமி உள்ளே போகவில்லை. கடைசிவரை போகவில்லை. வாசலில் நின்று ஒவ்வொருவர் கையிலும் டார்ச்சைக் கொடுத்து, “உள்ள யானை இல்லீங்க, தடம் மட்டுந்தான். வேண்டாம்னா திரும்பி வந்துருங்க” என்று சொல்லும் வேலையை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். அவளை எப்படியாவது ஒருமுறை உள்ளே அனுப்பி ‘பயத்தைப் போக்கிவிட வேண்டும்’ என்று எனக்குள் ஓர் ஆசை எழுந்தது. அடக்கிக்கொண்டேன். அவளுடைய அச்சம் எங்கள் படைப்பு தீர்த்துவைக்க வேண்டிய ஒன்றல்ல. அதை அவள் தன் அளவில் பிடித்துக்கொண்டிருந்தாள். அதற்கு ஓர் இடம் கிடைத்ததே போதும் என்று தோன்றியது.

மதியத்துக்கு மேல் அவள் அப்பாரு தடியூன்றி வந்தார். பேத்தியிடம் டார்ச்சை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். நான் பின்னால் சென்றேன். ஒடிந்த தட்டுகளிடம் சிறிது நேரம் நின்றார். பலகையில் உட்காரவில்லை. மண்ணில் இருந்த தடத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, கயிற்றின் முடிச்சை அண்ணாந்து பார்த்தார்.

“அளவு சரிதானுங்களா?” என்று கேட்டேன்.

“கணக்குப்படி சரியா இருக்குமுங்க” என்றார். “ஆனா ராத்திரில பக்கத்துல நிக்கறப்ப இன்னும் ஒசரமா இருக்குமுங்க, டீச்சர்.”

மறுநாள் வகுப்பில் அவர் சொன்னதைச் சொன்னேன். அளவுகோல் ஒன்பது அடி என்கிறது. அருகில் நின்றவர் அதைவிட உயரம் என்கிறார். இருவரில் யார் சொல்வது சரி என்று மாணவர்கள் ஒரு பாடவேளை முழுவதும் விவாதித்தார்கள். கலை எதற்கு என்று நான் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.